நாற்றம் வராத சனிக்கிழமை

எங்கள் ஆலை தன் பவள விழாவுக்கு ஒரு மலர் போட்டிருக்கிறது. ஓய்வுபெற்றவர்களுக்கெல்லாம் ஒரு பிரதி அனுப்பினார்கள், எனக்கும் வந்தது. நாற்பத்தோராம் பக்கத்தில் ஒரு வளைகோடு. விறுவிறுவென்று ஏறி, ஓரிடத்தில் உச்சி தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கிக்கொண்டே போகிற கோடு. அதற்குக் கீழே, "டாக்டர் லூட்கென் குழுவினர் கண்டறிந்தது" என்று ஒரு வரி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அடுப்பில் போட்டிருப்பேன். இப்போது வீட்டில் கரி அடுப்பு இல்லாததால் புத்தகம் பிழைத்தது.

அந்தக் கோட்டைப் போட்டவள் ஹெட்விக் டெர்ஹோர்ஸ்ட். எங்களுக்கு ஹெடி. எட்டாவது வரைக்கும் பள்ளிக்கூடம், பிறகு ஆலையே நடத்திய ஆய்வக உதவியாளர் பயிற்சி மூன்று வருஷம். அவ்வளவுதான் அவள் படிப்பு. அந்த மூன்று வருஷமும் நான் அவளுக்குப் பக்கத்து இருக்கை. அவள் கணக்கில் புலி, நான் கண்ணாடிக் குடுவையை உடைப்பதில் புலி. அதனால்தான் அவள் அளவெடுக்கிற மேஜைக்கும் நான் குடுவை கழுவுகிற தொட்டிக்கும் போய்ச் சேர்ந்தோம். அவள் செத்து இரண்டு வருஷமாகிறது. அடக்கத்துக்கு வந்தது பதினொரு பேர். அவளைப் பற்றி யாரும் மலர் போடப்போவதில்லை, நானாவது எழுதிவைக்கிறேன்.

உயரழுத்த ஆய்வகம் என்பது எங்கள் இடத்தின் பெயர். பிரஷர் லேப் என்றால்தான் ஊரில் தெரியும். தடித்த எஃகுக் கலனுக்குள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் புரொப்பிலீன் வாயுவையும் அடைப்போம். கிரியாஊக்கியாகக் கொஞ்சம் கோபால்ட். இருநூறு மடங்கு காற்றழுத்தத்தில் வைத்துச் சூடாக்கினால் உள்ளே ஆல்டிஹைடு என்ற திரவம் உண்டாகும். பிளாஸ்டிக்குக்கும் பெயின்டுக்கும் அதுதான் மூலப்பொருள் என்று ஊர் ஊராக விற்றார்கள். விற்றவர்களுக்கு அதன் நாற்றம் தெரியாது. கெட்டுப்போன வெண்ணெயை வெயிலில் ஒரு வாரம் வைத்து, அதன்மேல் குழந்தை வாந்தியெடுத்தால் எப்படி இருக்கும், அப்படி. தலைமுடியில் ஏறும், கம்பளிக் கோட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எங்கள் பின்வரிசை காலியாகவே இருக்கும்.

டிராமில் நாங்கள் ஏறினால் சுரங்கத் தொழிலாளிகளின் பெண்டாட்டிகள் சத்தமாகச் சொல்வார்கள்: "வெண்ணெய் மகாராணிங்க வந்துட்டாங்க, எந்திரிச்சு எடம் விடுங்கடி!"

"ரொம்ப நன்றிங்க. கால் வலி உயிர் போகுது," என்று ஹெடி சட்டமாக உட்கார்ந்துகொள்வாள். நான் அவள் பக்கத்தில். எங்களைச் சுற்றி ஆறு இருக்கை காலி.

இந்த நாற்றத்தை நம்பித்தான் நாங்கள் உயிர் வாழ்ந்தோம். வெளியாளுக்கு இது புரியாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆளை நிம்மதியாகத் தூங்குகிறவன் மாதிரி ஆக்கிக் கொன்றுவிடும். ஆனால் எங்கள் கலனிலிருந்து அது தனியாகக் கசிவதே இல்லை. ஆல்டிஹைடையும் கூட இழுத்துக்கொண்டுதான் வெளியே வரும். எங்கேயாவது கசிந்தால் முதலில் மூக்குக்குத் தெரியும், ஓடிவிடலாம். விதி என்னவோ வேறு. சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் மெல்லிய கண்ணாடிக் குழாய்கள். கைப்பம்பால் அறையின் காற்றை அதற்குள் இழுத்து நிறம் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. யாரும் செய்ததில்லை. பாதுகாப்பு அதிகாரியே உள்ளே எட்டிப்பார்த்து, "வாடை வருதா?" என்று கேட்பார். "இல்லை" என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். பதினொரு வருஷம் அப்படியே ஓடியது. ஒருவர்கூட மயங்கி விழுந்ததில்லை.

மூக்கைக் காப்பாற்ற எங்கள் ஆட்கள் மூக்குப்பொடியைக்கூட விட்டிருந்தார்கள். சுரங்கத்தில் புகைபிடிக்கக் கூடாது என்பதால் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் பொடி போடுகிறவர்கள். பிரஷர் லேபுக்குப் புதிதாக வருகிறவனிடம் முதல் நாளே டப்பியை வாங்கிக் குப்பையில் எறிவார்கள். அந்த வேலையை ரசித்துச் செய்தவன் அல்ஃபோன்ஸ் உர்பானெக்.

அல்ஃபோன்ஸ் கலன் இயக்குபவன். கசிவு எந்த வால்வில் என்று பத்தடி தூரத்திலிருந்தே சொல்லுவான். என் ரொட்டிப் பொட்டலத்தைத் திறக்காமலே, "இன்னிக்கும் பன்றிக் கொழுப்பா எர்னா? ஒரு நாளாவது ஈரல் தடவுறது!" என்பான். ஆலை முழுக்க அவனுக்கு மூக்கு உர்பானெக் என்றுதான் பெயர். அவனுக்கும் அதில் பெருமைதான்.

அவன் அப்பா சுரங்கத்தில் செத்தவர். வெடிவிபத்தில் எரிந்துபோகாதவர்களை அதன்பின் வந்த வாயு கொன்றது. அதே கார்பன் மோனாக்சைடுதான். அல்ஃபோன்ஸுக்கு அப்போது ஒன்பது வயது, ஒரே பிள்ளை. அவன் அம்மா, ஊருக்கு உர்பானெக் அம்மா, அவனைச் சிலுவையைத் தொடவைத்து, பூமிக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். அதனால் அவன் எங்களிடம் வந்தான். ஜன்னல் உள்ள இடம், தரைக்கு மேலே உள்ள வேலை. அந்த அம்மாவுக்கு அதில் அவ்வளவு நிம்மதி.

ஹெடியிடம் அவன் கல்யாணப் பேச்சு எடுத்ததை நான் என் காதால் கேட்டேன். குடுவை கழுவிக்கொண்டிருந்தேன்.

"ஹெடி, உன் நாத்தத்தை இந்த ஊர்ல எவனும் தாங்க மாட்டான். என் நாத்தத்தை எவளும் தாங்க மாட்டா. நாம ரெண்டு பேரும் சேர்ந்துட்டா ஊருக்கு நல்லதுல்ல?"

ஹெடி பேனாவை வைத்துவிட்டு யோசிக்கிற மாதிரி பாவனை பண்ணினாள். "சரி, ஊருக்காக," என்றாள்.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்று முடிவானது. அது ஐம்பத்தைந்தாம் வருஷத்து ஈஸ்டர்.

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். கார்பன் மோனாக்சைடை அதிகமாகச் செலுத்தினால் வேலை வேகமாக நடக்கும் என்றுதான் எங்கள் லேபின் தலைவர், ரசாயனத்தில் பட்டம் வாங்கிய டாக்டர் லூட்கென் நம்பினார். நாங்களும் நம்பினோம். அதுதானே உள்ளே போய்ப் பொருளாகிறது, தீனி கூடினால் வேகமும் கூடத்தானே வேண்டும்? ஹெடி முந்தின இலையுதிர்காலம் முழுக்க ஒரே வேலையாக இருந்தாள். ஹைட்ரஜனை ஒரே அளவில் வைத்துக்கொண்டு மோனாக்சைடை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினாள். ரொம்பக் குறைவாக இருந்தால் கோபால்ட் கருப்புப் பொடியாகி, கலனின் சுவரில் ஒட்டிக்கொண்டு செத்துப்போனது. கொஞ்சம் கூட்டியதும் உயிர் வந்தது, வேகம் ஏறியது. இன்னும் கூட்டியதும் வேகம் குறைய ஆரம்பித்தது. கூட்டக் கூட்டக் குறைந்தது.

"அதெப்படிடீ?" என்று கேட்டேன். மதியம், ரொட்டி தின்றுகொண்டிருந்தோம்.

"டிராம்ல எல்லா சீட்டும் நிறைஞ்சிருந்தா புதுசா ஏறுறவன் எங்க உக்காருவான்? கோபால்ட்டைச் சுத்தி மோனாக்சைடே உக்காந்திருக்கு. ஒண்ணு எந்திரிச்சாத்தான் புரொப்பிலீன் உக்கார முடியும். வெளிய மோனாக்சைடு கூட்டம் அதிகமாயிட்டா, ஒண்ணு எந்திரிச்ச உடனே இன்னொண்ணு ஓடிவந்து உக்காந்துக்குது."

"நாம ஏறினா எல்லாம் எந்திரிச்சிடும்," என்றேன். அவளுக்குப் புரையேறும்வரை சிரித்தாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. பெண்களுக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டு, குமாரி என்ற அர்த்தத்தில் 'ஃப்ராய்லைன்' போட்டுக் கூப்பிடுகிற மனிதர். ஆனால் தான் நம்பாததை எட்டாவது படித்தவள் சொல்லி நம்புவது அவருக்கு ஆகவில்லை.

"ஃப்ராய்லைன் டெர்ஹோர்ஸ்ட், கோடு இறங்குதுன்னா எங்கயோ கசியுதுன்னு அர்த்தம். இல்லன்னா நீங்க அளந்ததுல பிசகு," என்றார்.

"மூணு தடவை செஞ்சு பார்த்துட்டேன் டாக்டர். மூணு தடவையும் இறங்குது."

"அப்ப இன்னும் மேல போங்க. மோனாக்சைடு மட்டும் நூத்தி எண்பது மடங்கு வரைக்கும் ஏத்துங்க. அங்கயும் இறங்கினா ஒத்துக்கறேன். அறிக்கையில உங்க பேரையும் போடறேன்."

அறிக்கையில் பெயர். எங்கள் லேபில் எந்த உதவியாளருக்கும் அது நடந்ததில்லை. அன்றைக்கு டிராமில் ஹெடிக்குக் கண் பளபளத்தது. வரைதாளில் அடுத்த புள்ளி எங்கே விழும் என்று பென்சிலால் மெல்லிசாக ஒரு வட்டம் போட்டுவைத்தாள்.

சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள். பிப்ரவரி மாதம், வாய்க்கால் தண்ணீர் உறைந்திருந்தது. அன்று அல்ஃபோன்ஸுக்கு விடுப்பு. அவன் வீட்டு வாசலில் கரி வந்து கொட்டிக் கிடந்தது, அதை நிலவறைக்குள் அள்ளிப் போடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஹெடி அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு புள்ளி அல்ஃபோன்ஸ். வேற ஆள் செஞ்சா டாக்டர் கசிவுன்னு சொல்லுவார். நீ இருந்தா சொல்ல மாட்டார்."

"ஒரு புள்ளிக்கு என்ன தருவே?"

"உருளைக்கிழங்கு அடை. ஆப்பிள் கூழோட."

"எத்தனை?"

"நீ போதும்னு சொல்ற வரைக்கும்."

"அப்ப உன் கதி அதோகதிதான்," என்று சொல்லிவிட்டு வந்தான்.

கலன் நிற்பது கான்கிரீட் அறைக்குள். அந்த அறையில் யாரும் இருப்பதில்லை. அதன் சுவரை ஒட்டி ஒரு குறுகலான நடை, அங்கேதான் வால்வுச் சக்கரங்களும் அழுத்தமானியும். இயக்குபவன் அங்கே ஒரு முக்காலியில் உட்கார்ந்து, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழுத்தத்தை ஃபோனில் சொல்லுவான். மேல்மாடியில் அளவை அறையில் ஹெடி எழுதிக்கொள்வாள், என் கழுவு தொட்டியும் அங்கேதான். பெண்கள் கீழே வரக் கூடாது என்பது விதி. காற்றை வெளியேற்றும் விசிறி கலன் இருக்கும் அறையில்தான் இருந்தது, நடையில் இல்லை. குளிருக்காக நடையின் இரும்புக் கதவைச் சாத்திவைப்பது வழக்கம்.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது. "இருநூத்தி முப்பது." அப்புறம் அவன் சிரிப்பது எனக்கே கேட்டது. "ஹெடி, வாடையே இல்ல. உன் கலன் தூங்குது. இன்னிக்கு என்னை டிராம்ல மனுஷனா மதிப்பாங்க."

ஹெடி ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "வாடையே இல்லையாம் எர்னா!"

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம். நானும் ஈரக் கையைத் தட்டினேன். பொருள் உண்டாகவில்லை, அதனால் வாடை இல்லை, அதனால் கோடு இறங்குகிறது, அதனால் ஹெடி சொன்னதுதான் சரி. அதுவரைக்கும் எங்கள் இரண்டு பேர் புத்தியும் ஓடியது. அதற்கு மேல் ஒரு அடி ஓடவில்லை. பாவிகள் நாங்கள்.

"இருநூத்தி இருபத்தொம்போது." ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி, "இருபத்தொம்போது." இன்னும் ஐந்து நிமிஷம், அதே எண். ஹெடி எழுதிக்கொண்டே இருந்தாள். அழுத்தம் குறையாவிட்டால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஆறாவது தடவை அவன் குரல் இழுத்தது.

"நக்கல் பண்றான். அடைக்கு இப்பவே பசி மயக்கமாம்," என்றாள் என்னிடம். ஃபோனில், "ஒழுங்காப் பார்த்துச் சொல்லு அல்ஃபோன்ஸ்," என்றாள்.

"இருபத்... தொம்போது."

அதன்பிறகு ஃபோன் அடிக்கவில்லை. ஹெடி திரும்பத் திரும்ப மணியடித்தாள். பிறகு விதியாவது ஒன்றாவது என்று இரண்டு பேரும் படியில் ஓடினோம். இரும்புக் கதவைத் திறந்தோம். முக்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தான், நெற்றி வால்வுச் சக்கரத்தில் சாய்ந்திருந்தது. கன்னம் சிவப்பாக இருந்தது, பனியில் விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்கு இருக்குமே அந்தச் சிவப்பு. அழுத்தமானியில் முள் இருநூற்று மூன்றில் நின்றது. கசிந்து கசிந்து இறங்கிக்கொண்டிருந்த முள்ளைப் பார்க்கச் சக்தி இல்லாமல், கடைசியாகப் பார்த்த எண்ணையே அவன் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறான். அதைத்தான் ஹெடி சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தாள்.

ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. வைத்தியர் வந்தார், ஆக்சிஜன் வந்தது. ஒன்றும் பலிக்கவில்லை. பக்கத்தில் இருந்த வால்வில்தான் கசிவு. அங்கே அப்போதும் எந்த வாடையும் இல்லை.

சாயங்காலம் உர்பானெக் அம்மாவின் வீட்டு வாசலில் கரி அப்படியே கிடந்தது. ஹெடி மண்வெட்டியை எடுத்து, இருட்டும்வரை தனியாக அள்ளிப் போட்டாள். உதவப்போன என்னைக் கிட்டே விடவில்லை. அந்த அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார்.

திங்கட்கிழமை கலனைத் திறந்தார்கள். உள்ளே இருந்த திரவத்தில் எவ்வளவு ஆல்டிஹைடு இருக்கிறது என்று விசாரணைக்காகப் பார்த்தாக வேண்டும். அதைப் பிசகில்லாமல் செய்யத் தெரிந்தவள் லேபில் ஹெடி ஒருத்திதான். டாக்டர் தயங்கித் தயங்கி, "வெளியூர்ல இருந்து ஆள் வரவழைக்கிறேன்," என்றார்.

"நானே செய்யறேன் டாக்டர்," என்றாள்.

அளவுக் குழாயில் ரசாயனத்தை நிரப்பினாள். சொட்டு சொட்டாக விட்டாள், நிறம் மாறியதும் குழாயை மூடினாள், கணக்குப் போட்டாள். நூற்றுக்கு நான்குகூட இல்லை, வழக்கமாக நாற்பது வரும். வரைதாளில் புள்ளியை வைத்தாள். பென்சில் வட்டத்துக்குள் சரியாக விழுந்தது.

அன்று டிராமில் வரும்போது என் காதோரம் சொன்னாள்: "எர்னா, புள்ளி விழுந்தப்ப நான் சந்தோஷப்பட்டேன். ஒரு நொடி. அவன் செத்துப்போனது அந்த ஒரு நொடி எனக்கு ஞாபகம் இல்ல. நான் மனுஷிதானா?"

அவளே தொடர்ந்தாள்: "அப்புறம்தான் உறைச்சுது. ஆல்டிஹைடு இல்லன்னா வாடை இல்ல. வாடை இல்லன்னா கசிவு தெரியாது. உலகத்துலயே இது முன்கூட்டித் தெரிய வேண்டியது ஒரே ஒரு ஆளுக்குத்தான். எனக்குத்தான் தெரியும் அந்தக் கலன் தூங்கும்னு. நானே கூப்பிட்டு உக்காரவச்சேன்."

"வாயை மூடுடீ," என்றேன். "யார்கிட்டயும் இதைச் சொல்லித் தொலைக்காத."

அவள் சொல்லாமல் இருந்திருப்பாள் என்றே நினைக்கிறேன். ஊர்தான் சும்மா இருக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. மூக்கு உர்பானெக் திருட்டுத்தனமாகப் பொடி போடுகிறவனாம். மற்றவன் டப்பியை எறிந்துவிட்டு, தன் டப்பியைப் பையில் வைத்திருந்தானாம். மூக்கு அடைத்துப்போய்த்தான் வாடை தெரியாமல் செத்தானாம். ரொட்டிக்கடையில் உர்பானெக் அம்மாவின் காதுபடவே பேசினார்கள். விசாரணை அறிக்கையின் வரைவிலும், "விதிப்படி குழாய்ச் சோதனை செய்யவில்லை; இறந்தவரின் கவனக்குறைவே காரணம்" என்று எழுதியிருந்தது. அந்த அம்மா அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தார்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. ஆலை வாசலுக்கு மேல்மாடியில் கூட்ட அறை. விபத்துக் காப்பீட்டு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, தொழிலாளர் மன்றத்து ஆள், டாக்டர். ஒரு ஓரத்தில் கறுப்புத் துணியில் உர்பானெக் அம்மா. சாட்சிக்கு நானும் ஹெடியும். உள்ளே போகுமுன் மறுபடி சொன்னேன்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்காத."

"அவன் மூக்கைப் பத்திப் பேசறாங்க எர்னா," என்றாள்.

காப்பீட்டு அதிகாரி நிதானமாகத்தான் கேட்டார். "குழாய்ச் சோதனை செய்யணும்னு விதி இருக்கு. அவர் செய்யல. சரிதானே?"

"யாரும் செய்யறதில்லைங்க," என்றாள் ஹெடி. "பதினொரு வருஷமா வாடையை வச்சுத்தான் பார்க்கறோம். இதோ, பாதுகாப்பு அதிகாரியைக் கேளுங்க."

பாதுகாப்பு அதிகாரி மேஜையைப் பார்த்தார்.

"சரி. வாடையை வச்சே பார்க்கட்டும். ஏன் அவருக்குத் தெரியல? பொடிப் பழக்கம்னு ஒரு பேச்சு..."

"வாடையே வரல. யார் மூக்குக்கும் வந்திருக்காது." ஹெடி வரைதாளை விரித்து வைத்தாள். "மோனாக்சைடு கூடினா வேலை நின்னுபோகும். அன்னிக்குக் கலன்ல ஆல்டிஹைடு நூத்துக்கு நாலு பங்குகூட இல்ல. கசிஞ்சது கிட்டத்தட்ட வெறும் வாயு. நானும் எர்னாவும் கதவைத் திறந்தோம், எங்களுக்கும் ஒண்ணும் தெரியல."

"இது நிரூபிச்ச விஷயமா?" என்று அவர் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க சொல்றது சரி. விபத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே எங்கிட்டச் சொன்னாங்க. நான்தான் நம்பல. இன்னொரு புள்ளி கேட்டது நான்."

"அப்ப இது யாரும் எதிர்பார்க்க முடியாத சூழ்நிலை," என்று அதிகாரி எழுத ஆரம்பித்தார்.

"இல்லைங்க," என்றாள் ஹெடி. "எனக்குத் தெரியும். பொருள் உண்டாகாதுன்னு எனக்குத் தெரியும். அப்ப வாடை வராதுன்னும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். வாடை இல்லன்னு அவன் ஃபோன்ல சொன்னான். நான் சிரிச்சேன். அதையும் எழுதுங்க."

அதிகாரி பேனாவை மூடினார். "அதை எழுத வேண்டாம் ஃப்ராய்லைன்," என்றார் மெதுவாக. எழுதவும் இல்லை. 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டார். அல்ஃபோன்ஸின் பெயரில் குற்றமில்லை என்று ஆனது.

அதன்பிறகு குழாய்ச் சோதனை செய்யாமல் யாரும் அந்த நடைக்குள் நுழையவில்லை. டாக்டர் சொன்னபடி அறிக்கையில் அவள் பெயரைப் போட வந்தார், அவள்தான் வேண்டாம் என்றாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது, என்ன செய்ய? குடிதண்ணீரைச் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓய்வுபெறும்வரை அங்கேதான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர், நல்லவர்கள்தான், திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆனால் எனக்கு அவளை நினைத்தால் விசாரணை முடிந்து இறங்கிய அந்தப் படிக்கட்டுதான் ஞாபகம் வருகிறது. வெளிப்புறத்து இரும்புப் படிக்கட்டு, மழை தூறிக்கொண்டிருந்தது. உர்பானெக் அம்மா மேல்படியிலேயே நின்றுவிட்டார். ஹெடி இரண்டு படி கீழே, அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். நான் அவர்களுக்குப் பின்னால்.

"அவன் மூக்குமேல குத்தம் இல்லன்னு சொல்லிட்டே. நல்லது," என்றார் அந்த அம்மா.

ஹெடி வரைதாள் நனையாமல் கோட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

"மூணு வாரமா அவன்மேலதான் எனக்குக் கோவம். ஏன்டா முட்டாப்பயலே, அந்தக் குழாயை எடுத்து ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதான்னு ராத்திரியெல்லாம் கெடந்து திட்டுவேன். திட்டித் திட்டித்தான் தூங்குவேன். இப்ப அதையும் புடுங்கிட்டே."

"என்னைத் திட்டுங்கம்மா," என்றாள் ஹெடி. "என்னைத்தானே திட்டணும்."

"உன்னைத் திட்டி அனுப்பிச்சுட்டு நான் யார் மூஞ்சியில முழிக்கிறது? எனக்கு வேற யாரு இருக்கா?" அந்த அம்மா கைப்பிடியைத் தடவினார். கிழவி இல்லை, ஐம்பத்தைந்து வயதுதான் இருக்கும், ஆனாலும் அடுத்த படிக்குக் காலை எடுத்துவைக்கவில்லை. "கையைக் குடு. படி வழுக்குது."

ஹெடி திரும்பி ஏறிவந்து கையைக் கொடுத்தாள். நான் குடையைப் பிடித்துக்கொண்டேன், மூன்று பேரும் ஒவ்வொரு படியாக இறங்கினோம்.

அன்றைக்கே ஹெடி தன் துணிமணியை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்விட்டாள். அல்ஃபோன்ஸின் அறையில் படுத்துக்கொண்டாள். அந்த அம்மா சாகும்வரை, இருபது வருஷம், அவருக்குச் சமைத்துப் போட்டாள், கடைசியில் குளிப்பாட்டியும் விட்டாள். இந்த இருபது வருஷத்தில் உர்பானெக் அம்மா அவளை ஒரு தடவைகூடத் திட்டவில்லை. உப்பு கூடிவிட்டதற்குக்கூட, பாலைப் பொங்கவிட்டதற்குக்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்று ஹெடி என்னிடம் சொன்னாள்.